ஹாஷ் செய்த அடையாளங்களுக்கு எந்த நெடுவரிசை வகை? முழுமையான வழிகாட்டி

வாடிக்கையாளரின் செல்பேசி எண்ணை அப்படியே வைக்காமல் ஹாஷ் செய்து, அதாவது ஒரு கணக்கீட்டின் வழியே நீளம் மாறாத வேறொரு மதிப்பாக்கி, வைக்கலாம் என்று முடிவாகிவிட்டது. டேபிளில் ஒரு நெடுவரிசை சேர்க்க வேண்டும். இந்த இடத்தில் பெரும்பாலும் நடப்பது ஒன்றுதான்: யாராவது வார்சார்(255), அதாவது 255 எழுத்துவரை ஏற்கும் வகை, என்று போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். ஆயிரம் ரெக்கார்டு இருக்கும்வரை அதில் ஒரு குறையும் தெரியாது. ஐந்து கோடி ஆகி, இண்டெக்ஸ் (தேடலை விரைவாக்கும் துணைப் பட்டியல்) நினைவகத்தில் அடங்காமல் வட்டுக்குப் போய்வர ஆரம்பிக்கும்போதுதான் யாராவது அந்த நெடுவரிசையைத் திறந்து பார்ப்பார்கள்.

ஹாஷ் என்பது எழுத்து அல்ல, நீளம் மாறாத பைட் வரிசை. அதை அப்படியே பைட்டாக வைத்தால் பாதி சிக்கல் வராது. எப்போது வைக்கலாம், எப்போது வேண்டாம், எந்தத் தரவுத்தளத்தில் எந்த வகை என்பதை ஒவ்வொரு படியாகப் பார்ப்போம். உதாரணம் கடைசி வரை ஒன்றேதான்: ஐந்து கோடி வாடிக்கையாளர்கள், ஒவ்வொருவருக்கும் செல்பேசி எண்ணின் ஹாஷ், அதை வைத்துத் தேட வேண்டும்.

படி 1: இந்த ஹாஷ் எதற்கு?

கடவுச்சொல்லுக்கு என்றால் இந்த வழிகாட்டியை மூடிவிடலாம். அதற்கு பீகிரிப்ட், ஆர்கான்2 போன்ற, வேண்டுமென்றே மெதுவாக ஓடும் முறைகள் இருக்கின்றன. அவற்றின் வெளியீடு அளவுருக்கள், சால்ட் (கூடவே கலக்கும் தற்செயல் மதிப்பு), ஹாஷ் எல்லாம் சேர்ந்த ஒரு சரம். பீகிரிப்ட் சரம் 60 எழுத்து. ஆர்கான்2 சரத்தின் நீளம் அளவுருக்களைப் பொறுத்து மாறும். இயல்பு முறை பின்னாளில் மாறி வெளியீடு நீளலாம் என்பதால்தான் பிஎச்பி கையேடு 255 எழுத்து இடம் விடச் சொல்கிறது. கடவுச்சொல் ஹாஷை வைத்து யாரும் தேடுவதில்லை. பயனரைக் கண்டுபிடித்த பிறகு ஒப்பிடுகிறோம், அவ்வளவுதான். அதனால் அங்கே வார்சார்(255) சரியான விடை. அந்தப் பழக்கம்தான் மற்ற ஹாஷ்களுக்கும் தொற்றிக்கொள்கிறது.

நாம் பேசுவது தேடலுக்கான ஹாஷ். செல்பேசி எண், மின்னஞ்சல், வெளி நிறுவனத்தின் வாடிக்கையாளர் எண், கோப்பின் கைரேகை எல்லாம் இதில் சேரும். இவை இண்டெக்ஸில் உட்காரும், டேபிள்களை இணைக்கும் ஜாயினில் வரும். பைட் கணக்கு இங்கேதான் உறைக்கும்.

படி 2: வெறும் ஹாஷ் போதுமா என்று பாருங்கள்

நெடுவரிசை வகைக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று தோன்றலாம். இருக்கிறது. இங்கே எடுக்கும் முடிவுதான் எத்தனை பைட், பக்கத்தில் இன்னொரு நெடுவரிசை வேண்டுமா என்பதைத் தீர்மானிக்கிறது.

இந்தியச் செல்பேசி எண் பத்து இலக்கம், 6 முதல் 9 வரை ஏதாவது ஒன்றில் தொடங்கும். ஆக மொத்தமே 400 கோடி சாத்தியங்கள். ஒரு நல்ல கிராஃபிக்ஸ் அட்டை நொடிக்குச் சில நூறு கோடி ஷா-256 (பரவலாகப் பயன்படும் ஒரு ஹாஷ் முறை) போடும். உங்கள் டேபிள் வெளியே கசிந்தால் எல்லா எண்களையும் திரும்பக் கண்டுபிடிக்கச் சில நொடிகள் போதும். ஷா-256 உடைந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. உள்ளே போகும் சாத்தியங்கள் குறைவு, அதுதான் பிரச்சினை.

2014-இல் நியூயார்க்கில் இதுதான் நடந்தது. தகவல் உரிமைக் கோரிக்கையின்பேரில் 2013-ஆம் ஆண்டின் டாக்சிப் பயணத் தரவு வெளியானது. 17 கோடிக்கும் மேற்பட்ட பயணங்கள். வண்டி உரிம எண்களை எம்டி5 ஹாஷாக மாற்றித்தான் கொடுத்திருந்தார்கள். ஆனால் உரிம எண்ணின் வடிவம் ஊருக்கே தெரிந்தது. சாத்தியமான எண்கள் இரண்டு கோடியைச் சற்றே தாண்டும். எல்லாவற்றுக்கும் ஹாஷ் போட்டு ஒப்பிட்டதில் முகமூடி கழன்றுவிட்டது.

ரெக்கார்டுக்கு ஒரு சால்ட் சேர்த்தால் தீருமா? தேடலுக்கு அது உதவாது. உள்ளே வரும் எண் எந்த ரெக்கார்டுடையது என்று தெரியாதபோது எந்த சால்ட்டைப் போடுவது? இங்கே பொருத்தமானது எச்மேக்: ஒரு ரகசியச் சாவியோடு சேர்த்துப் போடும் ஹாஷ். சாவி தரவுத்தளத்துக்கு வெளியே, சாவி மேலாண்மைச் சேவையில் இருக்க வேண்டும். எச்மேக்-ஷா-256 தருவதும் 32 பைட்தான். இடத்தில் மாற்றம் இல்லை. ஆனால் சாவியை ஒருநாள் மாற்ற நேரும். அதனால் பக்கத்தில் சாவிப் பதிப்பு என்று ஒரு ஸ்மால்இன்ட் நெடுவரிசை வையுங்கள். இரண்டு பைட். பழைய சாவியில் போட்டது எது, புதியதில் போட்டது எது என்று பிரித்தறிய இது இல்லாமல் வழியே கிடையாது.

படி 3: உள்ளே போவதை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள்

ஒரு இடைவெளி மாறினாலும் ஹாஷ் முழுக்க மாறிவிடும். +91 போட்டது, 0 போட்டது, நடுவில் இடைவெளி விட்டது எல்லாம் ஒரே எண்தான், ஆனால் மூன்று ஹாஷ். மின்னஞ்சலில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து. இதெல்லாம் பலருக்கும் தெரியும்.

தமிழ்ப் பெயரையோ முகவரியையோ ஹாஷ் செய்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ‘கொ’ என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ககரத்துக்குப் பின் ஒகரக் குறி ஒன்றே ஒன்று. அல்லது ஒற்றைக்கொம்பும் துணைக்காலும் தனித்தனியாக. திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். பைட்டுகள் வேறு, ஹாஷும் வேறு. எந்த விசைப்பலகை எதை அனுப்பும் என்று நம்பி உட்கார முடியாது. ஹாஷ் போடும் முன் யூனிகோடின் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள்.

இரண்டு புலங்களைச் சேர்த்து ஹாஷ் போடுவதாக இருந்தால் நடுவில் பிரிப்பான் அவசியம். இல்லாவிட்டால் ‘12’, ‘3’ என்ற ஜோடியும் ‘1’, ‘23’ என்ற ஜோடியும் ஒரே சரமாகிவிடும்.

படி 4: எத்தனை பைட்?

மனதில் இருக்க வேண்டிய எண்கள் இவை (ஹெக்ஸ், பேஸ்64 இரண்டும் பைட்டுகளை எழுத்துகளாக எழுதிக் காட்டும் முறைகள்):

- எம்டி5: 16 பைட். ஹெக்ஸில் 32 எழுத்து.
- ஷா-1: 20 பைட். ஹெக்ஸில் 40 எழுத்து.
- ஷா-256: 32 பைட். ஹெக்ஸில் 64 எழுத்து, பேஸ்64-இல் 44. கடைசிச் சமக்குறியை விட்டால் 43.
- ஷா-512: 64 பைட். ஹெக்ஸில் 128 எழுத்து.

எம்டி5-இல் ஒரே ஹாஷ் தரும் இரண்டு உள்ளீடுகளை உருவாக்க முடியும் என்பது 2004-இலேயே காட்டப்பட்டது. ஷா-1-க்கு 2017-இல், கூகுளும் ஆம்ஸ்டர்டாமின் சிடபிள்யூஐ ஆய்வு மையமும் சேர்ந்து செய்து காட்டினார்கள். புதிய வேலைக்கு இரண்டும் வேண்டாம். ஷா-512 தேடல் அடையாளத்துக்குத் தேவைக்கு மேல். ஆக 32 பைட், அல்லது அதைக் குறுக்கிய 16 பைட். குறுக்குவதைப் படி 7-இல் பார்ப்போம்.

படி 5: பைட்டாகவா, ஹெக்ஸாகவா?

ஒரே ஒரு பைட்டை எடுத்துக்கொள்வோம். அதன் மதிப்பு 177. ஹெக்ஸில் இது ‘பி1’ என்று இரண்டு எழுத்தாகும். அதை எழுத்து நெடுவரிசையில் வைத்தால் வட்டில் போய் உட்காருவது 98, 49 என்ற இரண்டு பைட்டுகள். சின்ன ‘பி’யின் குறியீடு 98, ‘1’-இன் குறியீடு 49. ஒரு பைட் தகவலுக்கு இரண்டு பைட் செலவு. எஸ்கியூஎல் சர்வரில் என்வார்சார் போட்டிருந்தால் ஒவ்வோர் எழுத்துக்கும் இரண்டு பைட், எனவே ஒரு பைட்டுக்கு நான்கு பைட். ஐந்து கோடி ரெக்கார்டில் ஷா-256 பைட்டாக 1.6 ஜிபி, ஹெக்ஸாக 3.2 ஜிபி; என்வார்சாரில் 6.4 ஜிபி. இது டேபிளில் மட்டும். இண்டெக்ஸில் இன்னொரு தடவை.

வட்டு மலிவுதானே என்பார்கள். வட்டு மலிவுதான், நினைவகம் மலிவு இல்லை. ஹாஷ் இண்டெக்ஸுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு: தேடல்கள் எல்லாப் பேஜுகளிலும் (தரவுத்தளம் ஒரு தடவைக்கு வாசிக்கும் துண்டுகளிலும்) சிதறி விழும். தேதி இண்டெக்ஸில் இன்றைய பேஜுகள் மட்டும் நினைவகத்தில் இருந்தால் போதும். ஹாஷில் ‘சூடான பகுதி’ என்று ஒன்று கிடையாது. முழு இண்டெக்ஸும் உள்ளே இருக்க வேண்டும். அதனால்தான் அதன் அளவைப் பாதியாக்குவது, கேட்பதற்குத் தோன்றுவதைவிடப் பெரிய லாபம்.

இடத்தைத் தாண்டி இன்னொரு விஷயம் ஒப்பீடு. பைட்டை ஒப்பிடுவது நேரடி வேலை. எழுத்தை ஒப்பிடும்போது கொலேஷன், அதாவது எழுத்துகளை ஒப்பிட்டு வரிசைப்படுத்தும் விதி, குறுக்கே வரும். மைஎஸ்கியூஎல் 8-இன் இயல்புக் கொலேஷன் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாட்டைப் பார்ப்பதில்லை. ஹெக்ஸுக்கு அது பரவாயில்லை. பேஸ்64-க்குப் பரவாயில்லை என்று சொல்ல முடியாது, அங்கே இரண்டும் வெவ்வேறு மதிப்பு. முழு 43 எழுத்து இருந்தால் தவறான பொருத்தம் வர வாய்ப்பு பெயரளவுக்குத்தான். ஆனால் 64 பிட்டாகக் குறுக்கி 11 எழுத்தாக வைத்திருந்தால் ஏறக்குறைய 8 பிட் காணாமல் போகும். மோதல், அதாவது இரண்டு மதிப்புகள் ஒன்றாகிவிடும் வாய்ப்பு, சில நூறு மடங்கு ஏறும். போஸ்ட்கிரெஸ் பக்கம் வேறு கதை. 2018-இல் வந்த ஜிலிப்சி 2.28 (லினக்ஸின் அடிப்படை நூலகம்) எழுத்து வரிசைமுறையை மாற்றியது. இயங்குதளத்தை மேம்படுத்தியவர்களின் டெக்ஸ்ட் இண்டெக்ஸ்கள் பல இடங்களில் பழுதாயின. குறிப்பாக ஹைஃபன் வரும் சரங்கள் இடம் மாறின. பேஸ்64-இன் இணைய வடிவத்தில் ஹைஃபன் உண்டு. பைட் நெடுவரிசைக்கு இந்தத் தலைவலி எதுவும் கிடையாது.

குறிமுறையின் பதிப்புகளைப் பராமரிக்கும் கிட் மென்பொருளைப் பாருங்கள். நாம் முனையத்தில் பார்ப்பது 40 எழுத்து ஹெக்ஸ். உள்ளே, ஒரு கோப்புறையின் பதிவில் அதே ஷா-1 வெறும் 20 பைட்டாகத்தான் இருக்கிறது. உள்ளே பைட், மனிதர் பார்க்கும் இடத்தில் ஹெக்ஸ்.

சரி, ஹெக்ஸ் எழுத்தாக வைப்பது எப்போது நியாயம்? டேபிள் சில லட்சம் ரெக்கார்டைத் தாண்டாது என்றால் இதில் நேரம் செலவழிக்காதீர்கள், ஹெக்ஸே போதும். பகுப்பாய்வாளர்கள் நேரடியாக வினவல் எழுதி, விரிதாளில் ஒட்டி, வெளியே அனுப்பும் டேபிளுக்கும் ஹெக்ஸ் வசதி. கூகுள் விளம்பரத் தளத்துக்கு வாடிக்கையாளர் பட்டியல் அனுப்புவது போன்ற வேலைகளில் ஷா-256-ஐ ஹெக்ஸாகத்தான் கேட்பார்கள். அந்த ஏற்றுமதி டேபிளை அப்படியே வைத்துக்கொள்ளலாம். பேஸ்64-ஐ நெடுவரிசையில் வைக்க எனக்கு ஒரு நல்ல காரணமும் தோன்றவில்லை. மனிதருக்கும் வாசிக்க வசதி இல்லை, பைட்டைவிடப் பெரியது, மேலே சொன்ன சிக்கல் வேறு.

படி 6: உங்கள் தரவுத்தளத்தில் எந்த வகை?

மைஎஸ்கியூஎல்: பைனரி(32), நாட் நல் (காலியாக விடக்கூடாது). நீளம் மாறாததால் வார்பைனரி தேவையில்லை. ஹெக்ஸைப் பைட்டாக்க அன்ஹெக்ஸ், திரும்ப எடுக்க ஹெக்ஸ் என்ற செயல்கூறுகள் உள்ளன. ஷா2 செயல்கூறு தருவது ஹெக்ஸ் சரம் என்பதை மறந்துவிடாதீர்கள். அன்ஹெக்ஸ் போடாமல் நேராக பைனரி(32)-இல் திணித்தால், கண்டிப்பு முறையில் பிழை வரும். கண்டிப்பு முறையை அணைத்து வைத்திருக்கும் பழைய சர்வரில் எச்சரிக்கை மட்டும் கொடுத்துவிட்டு 64 எழுத்தில் முதல் 32-ஐ வெட்டி வைத்துக்கொள்ளும். அப்புறம் எந்தத் தேடலும் பொருந்தாது, ஏன் என்றும் சட்டெனப் புரியாது.

ஹெக்ஸ்தான் வேண்டும் என்றால் மைஎஸ்கியூஎல்லில் சார்(64) போட்டு, எழுத்துத் தொகுதியை ஆஸ்கி என்றும் கொலேஷனை ஆஸ்கி-பின் என்றும் குறிப்பிடுங்கள். யூடிஎஃப்8எம்பி4 இயல்பாக வந்துவிட விடாதீர்கள். கண்ணால் பார்க்க வேண்டுமே என்ற கவலைக்கு ஒரு நல்ல வழி: பைனரி நெடுவரிசையின் பக்கத்தில் ஹெக்ஸாக மாற்றிக் காட்டும் மெய்நிகர் நெடுவரிசை ஒன்றை வைக்கலாம். 5.7 பதிப்பிலிருந்து இது உண்டு. வட்டில் இடம் எடுக்காது.

போஸ்ட்கிரெஸ்: பைட்ஏ. இதற்கு நீள வரம்பு கொடுக்க முடியாது, அதனால் நீளம் 32 என்ற செக் கட்டுப்பாட்டை நீங்களே எழுத வேண்டும். 11-ஆம் பதிப்பிலிருந்து ஷா256 செயல்கூறு உள்ளேயே இருக்கிறது. அது நேரடியாகப் பைட்ஏ தரும். பழைய எம்டி5 செயல்கூறு மட்டும் ஹெக்ஸ் டெக்ஸ்ட் தரும். இரண்டையும் ஒரே மாதிரி நினைத்துக் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. டெக்ஸ்ட்தான் வேண்டும் என்றால் கொலேஷனை ‘சி’ என்று வையுங்கள். சார்(64) போட்டால் போஸ்ட்கிரெஸில் எந்த வேக லாபமும் இல்லை.

இண்டெக்ஸ் கணக்கைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம், ஏனென்றால் இதில் ஒரு சுவாரசியம் இருக்கிறது. போஸ்ட்கிரெஸின் வழக்கமான இண்டெக்ஸ் வகையான பீ-ட்ரீயில் ஒவ்வொரு பதிவுக்கும் 8 பைட் தலைப்பு, அப்புறம் மதிப்பு. மொத்தத்தையும் 8-இன் மடங்காக மேலேற்றுவார்கள். அதோடு பேஜ் தொடக்கத்தில் 4 பைட் சுட்டி. பைட்ஏவுக்கு நீளத்தைச் சொல்ல ஒரு பைட் கூடுதல். ஆக:

- 64 எழுத்து டெக்ஸ்ட்: 8 + 65 = 73, மேலேற்றி 80, சுட்டியோடு 84 பைட்.
- 32 பைட் பைட்ஏ: 8 + 33 = 41, மேலேற்றி 48, சுட்டியோடு 52 பைட்.
- 16 பைட் பைட்ஏ: 8 + 17 = 25, மேலேற்றி 32, சுட்டியோடு 36 பைட்.
- யூயூஐடி (16 பைட் அடையாளங்களுக்கென்றே உள்ள வகை): 8 + 16 = 24, மேலேற்றத் தேவையில்லை, சுட்டியோடு 28 பைட்.

அந்த ஒரே ஒரு நீள பைட், 16 பைட் ஹாஷை அடுத்த எட்டுக்குத் தள்ளிவிடுகிறது. ஐந்து கோடிக்கு டெக்ஸ்ட் 4.2 ஜிபி, பைட்ஏ 2.6 ஜிபி, யூயூஐடி 1.4 ஜிபி, பேஜுகளில் விடப்படும் காலி இடம் தனி. 16 பைட் ஹாஷுக்கு போஸ்ட்கிரெஸில் பைட்ஏவைவிட யூயூஐடி வகையே நல்லது என்று நான் சொல்வது இதனால்தான்.

போஸ்ட்கிரெஸில் ‘ஹாஷ் இண்டெக்ஸ்’ என்றே ஒரு வகை இருக்கிறதே என்று கேட்பீர்கள். 10-ஆம் பதிப்பிலிருந்து அது நம்பகமானது. மதிப்பு எவ்வளவு நீளமானாலும் 4 பைட் மட்டும்தான் உள்ளே வைக்கும். ஆனால் ஒரே மதிப்பு இரண்டு முறை வரக்கூடாது என்ற யூனிக் கட்டுப்பாட்டைத் தாங்காது. அடையாள நெடுவரிசைக்கு யூனிக் வேண்டும் என்பதால் பெரும்பாலும் பீ-ட்ரீக்கே திரும்ப வேண்டியிருக்கும்.

எஸ்கியூஎல் சர்வர்: பைனரி(32). ஹாஷ்பைட்ஸ் செயல்கூறு தருவது வார்பைனரி, நேராகப் பொருந்தும். ஒரே ஒரு பொறி: ஒரே சொல்லை வார்சாராகக் கொடுத்தால் ஒரு ஹாஷ், என்வார்சாராகக் கொடுத்தால் வேறொரு ஹாஷ், ஏனென்றால் உள்ளே பைட்டுகள் வேறு. பயன்பாட்டில் யூடிஎஃப்-8-இல் ஹாஷ் போட்டுவிட்டுத் தரவுத்தளத்தில் என்வார்சாரில் போட்டு ஒப்பிட்டால் ஒருநாளும் சேராது. ஹாஷ் போடும் இடம் ஒன்றாக இருக்கட்டும், அதுவும் பயன்பாட்டில்.

ஆரக்கிள்: ரா(32).

எஸ்கியூலைட்: பிளாப். இதில் வகைகள் நெகிழ்வானவை. சார்(64) என்று எழுதினாலும் நீளத்தைச் சரிபார்க்காது. பிளாபும் டெக்ஸ்டும் ஒருபோதும் சமம் ஆகாது என்பதால், ஒரு பாதையில் பைட்டாகவும் இன்னொரு பாதையில் சரமாகவும் எழுதிவிட்டால் இரண்டு ரெக்கார்டும் அமைதியாக உள்ளே இருக்கும். வகை பிளாப், நீளம் 32 என்று இரண்டையும் செக் கட்டுப்பாட்டில் போடுங்கள்.

படி 7: குறுக்கலாமா?

ஷா-256-இன் முதல் 16 பைட்டை மட்டும் வைத்துக்கொள்வது தவறான வேலை அல்ல. 128 பிட்டில், நூறு கோடி ரெக்கார்டு இருந்தாலும் தற்செயலாக இரண்டு மோதும் வாய்ப்பு கணக்கில் எடுக்கும் அளவில் இல்லை. வேண்டுமென்றே மோத வைக்க முயலும் ஆள் இருந்தால் கதை வேறு: 128 பிட்டுக்கு எதிராக அவருக்கு 2-இன் 64-ஆம் அடுக்கு அளவு முயற்சி போதும். ஆனால் எச்மேக் போட்டிருந்தால் சாவி இல்லாமல் அவரால் தன் கணினியில் முயன்று பார்க்கவே முடியாது. எங்கள் உதாரணத்துக்கு நான் தேர்வது இதைத்தான்: எச்மேக்-ஷா-256, முதல் 16 பைட். போஸ்ட்கிரெஸில் யூயூஐடி வகை, மைஎஸ்கியூஎல்லில் பைனரி(16).

யூயூஐடி வகையில் வைக்கும்போது ஒரு நுணுக்கம். யூயூஐடி வடிவத்தில் பதிப்பைக் குறிக்கும் சில பிட்டுகள் உண்டு. போஸ்ட்கிரெஸ் அவற்றைச் சரிபார்ப்பதில்லை, எந்த 16 பைட்டையும் ஏற்கும். பயன்பாட்டுப் பக்கத்தில் ஏதாவது நூலகம் சரிபார்க்கலாம். அப்படி இருந்தால் 2024-இல் வந்த ஆர்எஃப்சி 9562-இல் தன்விருப்ப வடிவத்துக்கு என்றே 8-ஆம் பதிப்பு இருக்கிறது. அதற்கான பிட்டுகளை இட்டுவிட்டால் 122 பிட் மிஞ்சும். அதுவே தாராளம்.

8 பைட்டாகக் குறுக்கி பிக்இன்ட்டில் வைக்கும் ஆசை பலருக்கு வரும். கணக்கைப் பாருங்கள். ஐந்து கோடி ரெக்கார்டில் எங்காவது ஒரு மோதல் நிகழும் வாய்ப்பு சுமார் பதினையாயிரத்தில் ஒன்று. நூறு கோடியில் 2.7 சதவீதம். ஐந்நூறு கோடியில் பாதிக்குப் பாதி. வாடிக்கையாளர் அடையாளம் என்றால் ஒருவரின் கணக்கில் இன்னொருவர் நுழைவது. பதினையாயிரத்தில் ஒன்றும் எனக்கு அதிகம். உண்மையான மதிப்பு பக்கத்திலேயே இருந்து, தேடலைச் சுருக்க மட்டும் பயன்படும் ஹாஷ் என்றால் தாராளமாகப் போடலாம். நீண்ட இணைய முகவரிகளைத் தேடும் டேபிள்களில் இப்படித்தான் செய்வார்கள்: முதலில் பிக்இன்ட், அப்புறம் முழு முகவரியையும் ஒப்பிடுவது. போஸ்ட்கிரெஸ் பிக்இன்ட் குறி உள்ளது, எனவே பாதி ஹாஷ்கள் எதிர்ம எண்ணாக வரும். ஜாவாஸ்கிரிப்டில் சாதாரண எண் வகை 53 பிட்டுக்கு மேல் துல்லியம் இழக்கும். இரண்டையும் முன்கூட்டியே எதிர்பார்த்துக்கொள்ளுங்கள்.

32 பிட் பக்கமே போகாதீர்கள். 77,000 ரெக்கார்டிலேயே மோதல் வாய்ப்பு பாதிக்கு வந்துவிடும்.

படி 8: முதன்மைச் சாவியாக்கலாமா?

வேண்டாம். மைஎஸ்கியூஎல்லின் இயல்புச் சேமிப்பு இயந்திரமான இன்னோடிபியில் டேபிளே முதன்மைச் சாவியின் வரிசையில்தான் அடுக்கப்படுகிறது. ஹாஷ் சாவியானால் ஒவ்வொரு புதிய ரெக்கார்டும் ஏதோ ஒரு 16 கேபி பேஜின் நடுவே போய் விழும், பேஜுகள் பிளந்துகொண்டே இருக்கும். போதாததற்கு, மற்ற ஒவ்வோர் இண்டெக்ஸும் முதன்மைச் சாவியின் ஒரு நகலைச் சுமக்கிறது. 64 எழுத்து ஹெக்ஸ் சாவியும் நான்கு இண்டெக்ஸும் இருந்தால், ஒரு ரெக்கார்டுக்கு 256 பைட் நகல் மட்டும். பிக்இன்ட் தானியங்கி எண்ணை முதன்மைச் சாவியாக வைத்து, ஹாஷுக்கு யூனிக் இண்டெக்ஸ் போடுங்கள். மற்ற டேபிள்கள் அந்த எட்டு பைட் எண்ணைச் சுட்டட்டும். எச்மேக் சாவியை மாற்றி ஹாஷ்கள் மாறும்போதும் இந்த அமைப்பில் ஒரே டேபிளைத் தொட்டால் போதும்.

போஸ்ட்கிரெஸில் டேபிள் அப்படி அடுக்கப்படுவதில்லை என்றாலும் இண்டெக்ஸ் சிதறல் அதேதான். செக்பாயின்ட்டுக்கு (மாற்றங்களை வட்டில் எழுதி முடிக்கும் கட்டத்துக்கு) பிறகு முதல் முறை தொடப்படும் ஒவ்வொரு பேஜும் முழு 8 கேபியாக, மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் ‘டபிள்யூஏஎல்’ பதிவில் எழுதப்படும். சிதறி விழும் செருகல்கள் இதை ஊதிப் பெருக்கும். இதை முற்றிலும் தவிர்க்க முடியாது. ஹாஷ் நெடுவரிசைக்கு ஒரே ஒரு இண்டெக்ஸோடு நிறுத்திக்கொள்ளலாம்.

படி 9: பயன்பாட்டுக் குறிமுறையில் கவனிக்க வேண்டியவை

பைட் நெடுவரிசைக்கு மாறியதும் பிழை வருவது பெரும்பாலும் தரவுத்தளத்தில் அல்ல, மேலே இருக்கும் குறிமுறையில். ஜாவாவில் இரண்டு பைட் அணிகளை ஈக்வல்ஸ் போட்டு ஒப்பிட்டால் உள்ளடக்கத்தைப் பார்க்காது. அணிகளுக்கான தனிச் செயல்கூறு வேண்டும். நோட்.ஜேஎஸ் பக்கம் பஃபர்களை மூன்று சமக்குறி போட்டு ஒப்பிட்டால் எப்போதும் பொய் என்றே வரும். ஜாங்கோவின் பைனரிஃபீல்டு, போஸ்ட்கிரெஸோடு சேரும்போது மெமரிவியூ தரலாம்; பைட்ஸாக மாற்றிக்கொள்ளுங்கள். ‘கோ’ மொழியில் பைட் ஸ்லைஸை மேப்பின் சாவியாக வைக்க முடியாது, 32 நீள அணியை வைக்கலாம்.

ஒரே ஒரு இடத்தில், தரவுத்தளத்தைத் தொடும் அடுக்கில், மாற்றத்தைச் செய்யுங்கள். அதற்கு மேலே எல்லா இடத்திலும் ஒரே வகை. பதிவேட்டிலும் ஜேசானிலும் சின்ன எழுத்து ஹெக்ஸ்.

படி 10: ஏற்கனவே ஹெக்ஸாக இருந்தால் மாற்றுவது எப்படி?

ஓடிக்கொண்டிருக்கும் டேபிளில் நெடுவரிசை வகையை ஒரே கட்டளையில் மாற்றினால் முழு டேபிளும் திரும்ப எழுதப்படும், அதுவரை எழுதுவோர் எல்லாரும் காத்திருக்க வேண்டும். அதனால் பக்கத்தில் புதிய நெடுவரிசை சேர்த்து, நல் அனுமதித்து, மெதுவாக நகர்த்துங்கள். முதலில் பயன்பாடு இரண்டு நெடுவரிசையிலும் எழுதும்படி வெளியிடுங்கள். அதற்குப் பிறகே பழைய ரெக்கார்டுகளை நிரப்ப ஆரம்பியுங்கள். இந்த வரிசை மாறினால் நடுவில் வந்த ரெக்கார்டுகள் விட்டுப்போகும். நிரப்புவதை முதன்மைச் சாவி வரம்பு வாரியாக, ஒரு தடவைக்கு ஐயாயிரம் பத்தாயிரம் என்று, நடுவே மூச்சு விட்டுச் செய்யுங்கள்.

மைஎஸ்கியூஎல்லின் அன்ஹெக்ஸ், செல்லாத எழுத்து வந்தால் பிழை தராமல் நல் தரும். நிரப்பி முடித்ததும் பழையதில் மதிப்பு இருந்தும் புதியது காலியாக (நல்) இருக்கும் ரெக்கார்டுகளை எண்ணிப் பாருங்கள். போஸ்ட்கிரெஸின் டீகோட் நேரடியாகப் பிழை கொடுத்து நின்றுவிடும். எரிச்சலாக இருந்தாலும் அது நல்லதுதான்.

அடுத்து யூனிக் இண்டெக்ஸ். போஸ்ட்கிரெஸில் கன்கரன்ட்லி சேர்த்துப் போடுங்கள், இல்லையென்றால் எழுதுவது தடைபடும். இந்த இடத்தில் இரட்டை மதிப்பு என்று பிழை வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். பழைய டெக்ஸ்ட் நெடுவரிசையில் ஒரு சேவை பெரிய எழுத்து ஹெக்ஸாகவும் இன்னொன்று சின்ன எழுத்தாகவும் எழுதியிருக்கும். எழுத்தாக அவை இரண்டு வாடிக்கையாளர்கள், பைட்டாக ஒருவர். அந்த ஜோடிகளை யார் எப்படி இணைப்பது என்பது வணிக அணியோடு பேசி எடுக்க வேண்டிய முடிவு. அதற்கு நேரம் ஒதுக்கித் திட்டமிடுங்கள்.

அப்புறம் வாசிப்பைப் புதிய நெடுவரிசைக்குத் திருப்புங்கள். ஓரிரு வாரம் இரண்டிலும் எழுதிக்கொண்டே இருங்கள். திரும்பப் போக வேண்டியிருந்தால் வழி திறந்திருக்கும். நாட் நல் போடும்போது போஸ்ட்கிரெஸில் முதலில் செக் கட்டுப்பாட்டை ‘நாட் வேலிட்’ என்று சேர்த்து, பிறகு சரிபார்த்தால், 12-ஆம் பதிப்பிலிருந்து நீண்ட பூட்டு இல்லாமல் முடியும்.

கடைசியாகப் பழைய இண்டெக்ஸை நீக்குங்கள். போஸ்ட்கிரெஸில் இடம் உடனே திரும்பக் கிடைக்கும். நெடுவரிசையை நீக்கினால் அப்படி இல்லை. போஸ்ட்கிரெஸ் அதைக் கண்ணுக்கு மறைக்கும், பழைய ரெக்கார்டுகளில் அந்த 65 பைட் அப்படியே இருக்கும். ரெக்கார்டு திருத்தப்படும்போதுதான் ஒவ்வொன்றாகப் போகும். முழு இடமும் வேண்டும் என்றால் டேபிளைத் திரும்ப எழுதும் வேக்கம் ஃபுல் கட்டளை. அது டேபிளைப் பூட்டும். பூட்ட முடியாத டேபிளுக்கு பீஜிரீபேக் என்ற நீட்சி இருக்கிறது. மைஎஸ்கியூஎல் 8-இலும் உடனடி முறையில் நெடுவரிசையை நீக்கியிருந்தால் ஆப்டிமைஸ் டேபிள் ஓட்டினால்தான் கோப்பு சுருங்கும். அதை ஓட்டும் முன், வட்டில் டேபிளின் இன்னொரு நகலுக்கு இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.